கேட்டில்ல

பரீட்சை முடிந்து, கேரளத்து மலையில் இருக்கிற மஞ்சிக்காடு எஸ்டேட்டுக்கு வந்து இறங்கிய அன்றைக்கே வீட்டில் சண்டை. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். நான் மெதுவாகப் பேசுகிறேனாம்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? தெறந்து பேசுடி" என்றாள் அம்மா. என்றாள் என்பது தப்பு, கத்தினாள். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீட்டில் அடுப்படிக்கும் வாசலுக்கும் நாலு எட்டு இருந்தால் அதிகம். அதற்கு அவள் போட்ட சத்தத்தில் எதிர்மலையில் கொழுந்து கிள்ளுகிறவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

"மெல்லப் பேசுனாத்தான் மதுரையில பட்டம் குடுப்பாங்களாம்மா" என்று அக்கா முத்துப்பேச்சி உள்ளேயிருந்து கத்தினாள். "தொரையம்மா மாதிரி வாய்க்குள்ளயே பேசப் படிச்சிட்டு வந்திருக்கா."

"நீங்க ஏன் இப்படிக் கத்துறீங்க? நான் இங்கதான நிக்கிறேன்?"

"என்னது?"

"ஏன் கத்துறீங்கன்னேன்!"

"இப்பப் பேசுற பாரு, இது பேச்சு" என்று அம்மா திருப்தியாகச் சொன்னாள்.

ஒன்றரை வருடம் கழித்து வந்திருந்தேன். லீவு நாட்களில் மதுரையிலேயே தங்கி, பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத்தான் ஆஸ்டலில் சாப்பிட்டேன். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. எங்கள் கீழ்லயத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். குமுளியில் பஸ் ஏறும்போது அப்பா யாரிடம் வேண்டுமானாலும் அதைச் சொல்லுவார். கண்டக்டரிடம்கூடச் சொல்லுவார். அந்த வருடம் அவர் சொன்னது பஸ்ஸின் கடைசி சீட்டு வரை கேட்டது.

நம் ஆட்கள் காட்டுக்கத்தல் கத்துகிறார்கள் என்று எனக்கு எரிச்சல். இவள் மெத்தப் படித்த திமிரில் முணுமுணுக்கிறாள் என்று அவர்களுக்கு எரிச்சல். ஒரு வாரம் இப்படியே போனது.

ஒரு மத்தியானம் அக்கா மகளைத் தூங்கவைத்துவிட்டுத் தரையில் சாய்ந்திருந்தாள். மகள் பெயர் அன்னக்கொடி, இரண்டரை வயது. மச்சான் கம்பத்துக்கு இறங்கிப் போனவர் திரும்பி வரவில்லை. அந்தக் கதை இங்கே வேண்டாம். பிள்ளையின் கணுக்காலில் ஒரு சேலைக் கிழிசலைக் கட்டி, மறு நுனியை அக்கா தன் மணிக்கட்டில் சுற்றியிருந்தாள்.

"இது என்னக்கா, ஆட்டுக்குட்டி மாதிரி?"

அவள் என் உதட்டைப் பார்த்தாள். அப்புறம்தான் பதில் வந்தது. "முழிச்சு அழுதா இழுக்கும்ல. தெரிஞ்சிரும்."

"அழுதாத் தெரியாதா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முகத்தைத் திருப்பியபின் நான் நாலு தடவை "அக்கா" என்றேன். திரும்பவே இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் லயம் முழுக்கப் போய் ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். கோட்டிக்காரி என்று நினைத்திருப்பார்கள். பெரியவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை.

"பாக்டரி மிசின் சத்தம்த்தா. தேயிலைத்தூள் அரைக்கிற எடத்துல நின்னா யாருக்கும் இப்பிடித்தான்" என்றார் அப்பா.

"அம்மா எந்தக் காலத்துல பாக்டரிக்குப் போனா? இருபது வருசமா மலையிலதான கொழுந்து கிள்ளுறா?"

"அவளுக்குக் காத்து அடிச்சு அடச்சுக்கிட்டது."

"மேல்லயத்துல காத்து அடிக்காதா?"

மேல்லயத்தில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அதே மலை, அதே வேலை, அதே பாக்டரி. அவர்களுக்குத் தண்ணீர் மேலே பாறையிலிருந்து வரும் ஊற்று. பங்களாவுக்கும் அதுதான். எங்களுக்குக் கீழே ஒரு சிமெண்டுத் தொட்டி. தொட்டிக்கு நேர் மேலே, ஓடைக்கரையில், களைமருந்து கலக்குகிற கொட்டகை. எட்டு வருடமாக அங்கேதான் டிரம்மை உடைத்துக் கலக்குகிறார்கள், அங்கேதான் கழுவுகிறார்கள், கழுவிய தண்ணீர் அந்த ஓடையில்தான் போகிறது. டிரம்மின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் பாதி கிழிந்து போயிருந்தது. கிழியாத பாதியில் சோடியம் ஆர்சினைட் என்று இருந்தது. மூன்று வருடம் படித்ததற்கு அந்த இரண்டு வார்த்தை போதும்.

அதற்கப்புறம் பார்த்ததெல்லாம் அதுவாகவே இருந்தது. அம்மாவின் உள்ளங்கையில் ஆணி ஆணியாகக் காய்ப்பு. கொழுந்து கிள்ளுகிற கை காய்க்கத்தானே செய்யும் என்று யாரும் கவனிக்கவில்லை. சரி, உள்ளங்காலில் ஏன்? அப்பாவின் நெஞ்சிலும் முதுகிலும், புழுதியில் நாலு தூறல் விழுந்த மாதிரி கருப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள். ராத்திரி எல்லோருக்கும் கால் மதமதக்கும். காதுக்குள் வண்டு ரீங்கரிக்கிறது என்பார்கள்.

ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன். எங்கள் லெக்சரர் ஜானகியம்மாள் சோதனையை வைத்தார். துத்தநாகமும் அமிலமும் சேர்த்து, வருகிற வாயுவை ஒரு காகிதத்தில் பிடிக்க வேண்டும். ஆர்சனிக் இருந்தால் காகிதம் மஞ்சளாகிப் பழுப்பாகும். சாதாரணமாகப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது லேசாகத்தான் நிறம் வரும். இது காப்பிப் பொடி கொட்டிய மாதிரி ஆனது. "இதையா குடிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு ஜானகியம்மாள் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அடுத்த முறை அக்காவையும் பிள்ளையையும் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். காது டாக்டர் அக்காவின் காதில் அழுக்கில்லை, சீழில்லை, நரம்புதான் போயிருக்கிறது என்றார். கீச்சென்ற சத்தம் முதலில் போகும், பிறகு மற்றதும் போகும். போனது வராது. தண்ணீரால்தான் என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். "நரம்புன்னு எழுதுவேன். எதனாலன்னு நான் எப்படிம்மா எழுத முடியும்?" என்றார். கெட்டவரில்லை. பிள்ளையை மடியில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "இவளுக்கு இன்னும் நல்லா இருக்கு. அந்தத் தண்ணியை நிறுத்துங்க. சீக்கிரம் நிறுத்துங்க."

அதிலிருந்து எனக்கு இருந்தது ஒரே குறி. அன்னக்கொடியின் காது.

வீட்டில் சொன்னேன். ஆர்சனிக் என்றால் புரியாது, பாஷாணம் என்றேன்.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "பாஷாணம் குடிச்சா அன்னைக்கே மண்டையப் போட்ருவாக. எட்டு வருசமா குடிக்கிறேன், ஒன்னய மாதிரி ரெண்டு பேர இன்னும் தூக்கிச் சுமப்பேன்."

"கொஞ்சங் கொஞ்சமா ஏறும்மா."

"காய்ச்சித்தான குடிக்கிறோம்?"

டிஸ்பென்சரி கம்பவுண்டரும் அதையேதான் சொன்னான், காய்ச்சிக் குடி என்று. காய்ச்சினால் கிருமி சாகும், பாஷாணம் சாகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாகும் என்றேன். "நீ டாக்டரா?" என்றான். நீயும் டாக்டர் இல்லையே என்றேன். அத்தோடு எங்கள் வீட்டுக்கு இருமல் மருந்து நின்றது.

எஸ்டேட் மேனேஜர் துரையிடமும் போனேன். பொம்பளைப் பிள்ளைகள் காலேஜ் சோதனையெல்லாம் சோதனை ஆகாது என்றார். மேல் ஊற்றிலிருந்து கீழ்லயத்துக்கு ஒரு குழாய் இழுங்கள் என்றேன். ஊற்றுத் தண்ணீர் பங்களாவுக்கே பற்றவில்லை என்றார். பங்களாவில் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. யூனியன்காரரிடம் போனேன். எமர்ஜென்சி வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. "இப்ப வாயத் தொறந்தா உள்ள தூக்கி வச்சிருவான் தாயி. கொஞ்சம் பொறு" என்றார். பொறுக்கச் சொல்ல எல்லோருக்கும் நேரம் இருந்தது.

உண்மையில் மூடி மறைப்பதில் எங்கள் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. செவிடு என்று தெரிந்தால் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் வேலை போகும், வேலை போனால் லயத்து வீடு போகும். மலைக்குக் கீழே எங்களுக்கு ஒரு சாண் மண் கிடையாது. அதனால் யார் என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டே ஆமா போடுவதற்குப் பழகியிருந்தார்கள். துரை எதைச் சொன்னாலும் ஆமாங்க. கங்காணி திட்டினாலும் ஆமாங்க. காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது காது கேட்கிறவர்கள் கேட்காதவர்களை இடுப்பில் இடித்து எழுப்புவார்கள். கங்காணி மொக்கையன் நக்கலாக, "என்ன, கீழ்லயமே குலுங்குது?" என்பான்.

நான் தினமும் மேல்லயத்துக்குப் போய்ப் பிள்ளைக்கு மட்டும் ஒரு குடம் எடுத்து வந்தேன். மாசி பிறந்ததும் ஊற்று வற்றியது. மேல்லயத்துப் பெண்கள் குடத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த வாரம்தான் எனக்கு உத்தமபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக வேலை கிடைத்திருந்தது, பத்து நாளில் சேர வேண்டும். பிள்ளையைக் கூடக் கொண்டு போகிறேன் என்றேன். அம்மா விடவில்லை. "தாய்கிட்ட இருந்து பிள்ளையப் பிரிக்கவா ஒன்னப் படிக்க வச்சேன்?"

அந்த மாசியிலேயே அம்மா செத்தாள்.

நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்களை அந்த வருடம் வெட்டிச் சாய்த்தார்கள். சாய்கிற மரத்தில் கட்டிய வடத்தைப் பிடிக்கிற கூட்டத்தில் அப்பா இருந்தார். சரிவில் பெண்கள் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார்கள். மரம் வெட்டுகிற இடத்தில் ஆளை நிறுத்தவே கூடாது. நிறுத்தியிருந்தார்கள். மரம் சாயப் போகிறது என்று மொக்கையன் விசில் ஊதினான். கீச்சென்ற சத்தம். மேல்லயத்துப் பெண்கள் கூடையோடு சிதறி ஓடினார்கள். கீழ்லயத்துப் பெண்கள் அவர்கள் ஓடுவதைப் பார்த்து ஓடினார்கள். அம்மா ஒருத்தி மட்டும் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, கடைசிச் செடியில் நின்று கிள்ளிக்கொண்டிருந்தாள். அப்பா வடத்தை விட்டுவிட்டு, "மாரி! ஏ மாரீ!" என்று கத்திக்கொண்டே இறங்கி ஓடியிருக்கிறார். லயத்திலிருந்த எனக்கு அந்தக் குரல் கேட்டது. மலை இரண்டும் அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னது. அவளுக்கு மட்டும் எட்டவில்லை.

மூன்றாம் நாள் சுடுகாட்டில் காடாத்திவிட்டு வந்தபோது சேதி வந்தது. லேபர் ஆபீசர் விசாரணைக்கு வருகிறார். அப்பாதான் முக்கிய சாட்சி.

எனக்கு அழுகை நின்றுவிட்டது. இதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் கசக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. அம்மாவுக்குக் காது கேட்கவில்லை என்று அரசாங்கத்து ஆள் ஒருவர் எழுதிவிட்டால், ஏன் கேட்கவில்லை என்ற கேள்வி வந்தே தீரும். தண்ணீரை எடுத்துச் சோதிக்க வேண்டி வரும். குழாய் வரும். அன்னக்கொடி தப்பிப்பாள்.

அப்பாவை உட்காரவைத்து, காதுக்குள் வாயை வைத்துச் சொன்னேன். "அம்மா செவிடுன்னு சொல்லுப்பா. எட்டு வருசமா இந்தத் தண்ணியக் குடிச்சு செவிடாப் போனான்னு சொல்லு."

அவர் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "செத்து மூணு நாளாகல. அவளப் போய்ச் செவிடிங்கவா? ஊர் சிரிக்கவா?"

"சிரிச்சா சிரிக்கட்டும்."

"அந்த வார்த்தைய நான் சொல்ல மாட்டேன். உசுரோட இருக்கையில ஒருநா அவள அப்பிடிச் சொன்னதில்ல."

"சரி, வேற எப்படியாவது சொல்லு. அவளுக்குக் காது கேக்கலைன்னு சொல்லு."

"அது சொல்றேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அது சொல்லலாம். அதுல அசிங்கமில்ல."

விசாரணை ஆபீசில் நடந்தது. என்னை உள்ளே விடவில்லை. வராந்தாவில் பியூன் ஸ்டூலைப் போட்டு வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆபீசர் கோட்டயத்துப் பக்கத்துக்காரர் போல, மலையாளத்தில்தான் கேட்டார். அவர் குரல் வெளியே வரவில்லை. மெல்லப் பேசுகிறவர். அப்பா பதில் சொன்னது மட்டும் ஆபீஸ் ஓடு அதிரக் கேட்டது.

"விளிச்சேன் சாரே! உச்சத்தில் விளிச்சேன்!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் வந்தது. பெரிய மனிதர்களிடம் அப்பா மலையாளம் பேசுவார். அது மரியாதை என்று நினைப்பு. இருபத்தைந்து வருடம் கேட்டுக் கேட்டுப் பழகிய மலையாளம். விளிச்சேன் என்றால் கூப்பிட்டேன்.

ஆபீசர் என்னவோ கேட்டார்.

"அவள் கேட்டில்ல சாரே!" என்றார் அப்பா. "எத்தர விளிச்சும் அவள் கேட்டில்ல!"

வராந்தாவில் நான் கையெடுத்துக் கும்பிட்டேன். சொல்லிவிட்டார். கேட்டில்ல, கேட்கவில்லை என்று வாய் நிறையச் சொல்லிவிட்டார்.

ஆபீசர் மறுபடியும் ஏதோ மெதுவாகக் கேட்டார். "அதே சாரே" என்றார் அப்பா, ஆமாங்க என்பதற்கு மலையாளம். இன்னொன்று கேட்டார். "அதே சாரே, அதே." பிறகு வாக்குமூலம் எழுதிய ரைட்டர் எதையோ வாசித்துக் காட்டுகிற முணுமுணுப்பு. முடிந்ததும் "அதே". அப்புறம் கையில் மசியோடு வெளியே வந்தார்.

"சொல்லிட்டேன்த்தா" என்றார். வெகுநாளைக்கப்புறம் நிமிர்ந்து நடந்தார்.

அதற்கடுத்த மூன்று வாரமும் லயத்தில் ஒரு நம்பிக்கை. குழாய் எந்தப் பக்கமாக இறங்கும் என்று ஆண்கள் கையை நீட்டிப் பேசிக்கொண்டார்கள். அப்பா தொட்டிப் பக்கம் போய் நின்று, "இதுக்குப் பாஷாணமுன்னு எம்மக கண்டுபிடிச்சா. சாட்சி சொன்னது நானு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உத்தமபாளையத்தில் வாரம் முழுக்கப் பாடம் நடத்திவிட்டு, சனிக்கிழமை மலை ஏறி வருவேன். அக்கா பிள்ளைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு வாய்த் தண்ணீரையும் பார்த்துக்கொண்டு, இன்னும் கொஞ்சநாள், இன்னும் கொஞ்சநாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது சனிக்கிழமை ஆபீஸ் பலகையில் உத்தரவு ஒட்டியிருந்தது. மலையாளம். எனக்கு வாசிக்க வரும், சின்னப் பள்ளிக்கூடம் முழுக்க அதில்தான். தொழிலாளி மாரித்தாய், முன்னறிவிப்பு கொடுத்தும் அனுசரிக்காததால் நேர்ந்த மரணம். கணவரின் வாக்குமூலம் இதை உறுதி செய்கிறது. நிர்வாகத்தின் பேரில் குற்றமில்லை.

அனுசரிக்கவில்லை. சொன்னதற்குப் பணியவில்லை.

உள்ளே போய் ரைட்டரின் மேசையில் கையை அடித்தேன். "எங்கப்பா இப்படிச் சொல்லல. அவளுக்குக் காது கேக்கலைன்னு சொன்னாரு. வராந்தாவுல நின்னு எங்காதால கேட்டேன்."

ரைட்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அவள் கேட்டில்ல என்னல்லே பறஞ்ஞது?"

"ஆமா."

"அதல்லே எழுதியது? விளிச்சு, பறஞ்ஞு, எந்நிட்டும் கேட்டில்ல. சொன்னா கேக்கலைன்னு நீங்க தமிழ்ல சொல்லுவீங்களே, அது." அவர் நிஜமாகவே குழம்பிப் போயிருந்தார். "பின்னெ, ஆபீசர் ரெண்டு தடவை கேட்டாரு. பறஞ்ஞிட்டு அனுசரிச்சில்லே? அதேன்னு பறஞ்ஞு. வேணும்னே நின்னதாணோ? அதேன்னு பறஞ்ஞு. வாசிச்சும் காட்டினோம். அதுக்கும் அதே."

நான் அங்கேயே நின்றேன். இதில் யாரைத் திட்டுவது? ஆபீசர் கேட்டது ஒன்றுகூட அப்பாவின் காதில் விழுந்திருக்காது. உதட்டைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, வழக்கம்போல ஆமா போட்டிருக்கிறார். கேட்காத காதைப் பற்றிச் சாட்சி சொல்ல, கேட்காத காதுள்ள ஒருவரை அனுப்பியிருக்கிறேன். வீட்டில் சொல்லிக் கொடுத்தபோது "அவளுக்கு" என்றுதான் சொல்லிக் கொடுத்தேன். மரியாதைக்கு மலையாளத்தைப் போட்டதில் அந்த "உக்கு" உதிர்ந்துவிட்டது. அவளுக்குக் கேட்கவில்லை என்றால் காது. அவள் கேட்கவில்லை என்றால் கொழுப்பு. அப்பா வாயால், அம்மாவுக்குக் கொழுப்பு.

மேல்முறையீடு செய்யலாமா என்றேன். கைநாட்டு வைத்த வாக்குமூலம் என்றார் ரைட்டர். குரலில் இரக்கம் இருந்தது. வெளியே வந்தபோது களைமருந்துக் கொட்டகையில் புது டிரம் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காவிடம் முதலில் சொன்னேன். வாயைப் பெரிதாகத் திறந்து, கையைக் காட்டி, இரண்டு தடவை. அவள் உள்ளே போய் அன்னக்கொடியின் இரண்டு பாவாடையையும் ஒரு சட்டையையும் மஞ்சள் பையில் திணித்தாள். தலையை வாரிவிட்டாள். இழுத்து இழுத்து வாரினாள், பிள்ளை கத்தினாள், கத்துவது தெரியாமல் இன்னும் இழுத்து வாரினாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி பஸ். வாசலில் அப்பா மறித்துக்கொண்டார்.

"பிள்ளையத் தூக்கிட்டு எங்க கெளம்புற?"

"எங்கூட உத்தமபாளையம்."

"எதுக்கு? தண்ணிதான் மாறப் போகுதே. இத்தன நாள் பொறுத்தவுக, இன்னும் பத்து நாள் பொறுக்கக் கூடாதா?"

"மாறாதுப்பா."

"என்னது?"

"தண்ணி மாறாது!"

"யார் சொன்னா? நாந்தான் சாட்சி சொல்லியிருக்கேன்ல?" அவர் பையைப் பிடித்துக்கொண்டார். "தாய் இல்லாத பிள்ளையா அது? கெழவிதான் போய்ட்டா. இருக்கிற தாயையும் பறிக்கிறியா?"

காதருகே போனேன். "அப்பா, உத்தரவு வந்திருச்சு. அம்மா கேக்கலைன்னு எழுதிட்டாங்கப்பா."

"ஆமா." அவர் முகம் மலர்ந்தது. "அதத்தான் சொன்னேன். கேக்கலைதான. பாவம், அவ கேக்கலை."

"அந்தக் கேக்கலை இல்லப்பா!"

"எந்தக் கேக்கலை?"

எனக்குத் தெரிந்த தமிழில் அதற்கு வார்த்தையைத் தேடினேன். கீழ்ப்படியவில்லை என்றால் அது பாடப் புத்தகம், அவருக்குப் புரியாது. பேச்சுக் கேக்கலை என்றேன். பேச்சு எப்படிக் கேக்கும், அவளுக்குத்தான் காது இல்லையே என்றார். மூன்று வருடம் படித்தவள், பெற்ற தகப்பனிடம் ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல் இல்லாமல் நின்றேன். சொல்லாமல் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றும் இருந்தது. விட மாட்டார். அவருக்கு அந்தச் சாட்சிதான் மிச்சமிருந்தது. அதை உடைக்காமல் பிள்ளையை எடுக்க வழியில்லை.

"அம்மா வேணும்னே நகராம நின்னாளாம்" என்று கத்தினேன். "திமிருல நின்னாளாம். அதனால செத்தாளாம். நீ சொன்னேன்னு எழுதியிருக்கு. ஒன் கைநாட்டு இருக்கு."

லயத்தில் நாலைந்து வாசலில் ஆட்கள் நின்றார்கள். காது கேட்கிறவர்கள் தலையைக் குனிந்தார்கள்.

அப்பா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேணும்னேவா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். "நான் சொன்னேன்னா?" அதற்கும் ஆட்டினேன்.

அவர் பையை விட்டுவிட்டார். பெருவிரலைப் பார்த்தார். வேட்டியில் துடைத்தார். மசியெல்லாம் போய் எத்தனையோ நாளாகியிருந்தது, அப்படியும் துடைத்தார்.

"நான் ஓடுனேன்த்தா" என்றார். "வடத்த விட்டுட்டு ஓடுனேன். ஓடுனவன் வேணும்னேன்னு சொல்லுவனா?"

"தெரியும்ப்பா."

"அவளுக்குத் தெரியுமா?"

அக்கா சுவரில் சாய்ந்து நின்றாள். எங்கள் பேச்சில் பாதி அவளுக்கு எட்டியிருக்காது. முகங்களைப் பார்த்தே அழுதுகொண்டிருந்தாள். அன்னக்கொடி படிக்குக் கீழே போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு தேயிலைக் குச்சியால் மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

அப்பா அந்த முதுகைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்து, "அன்னம்" என்றார். வருடக்கணக்காகக் கத்தியே பேசிய மனிதர். அது அவருக்கே கேட்டிருக்காது. பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது.

பிள்ளை சட்டென்று திரும்பி, "என்ன தாத்தா?" என்றாள்.

அவள் என்ன சொன்னாள் என்று அவருக்குத் தெரியாது. திரும்பினாள் என்பது தெரிந்தது.

இறங்கிப் போய் அவளைத் தூக்கி, ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, என் இடுப்பில் வைத்தார்.

"இவளுக்குக் கேக்குது. கூட்டிட்டுப் போ."